ஏழாவது முறை

மனித ஆன்மா தன் வீட்டுக்குத் திரும்பிய மாலை இது என்று சகலருக்கும் அறிவிக்கப்படுகிறது. திரும்பிய இடம், வியன்னாவில் திருமதி லைட்கெப்பின் விருந்துக் கூடம்.

ஃப்ளோரியன் தன் புதிய ரொண்டோவைப் பியானோவில் வாசித்துக்கொண்டிருந்தான். பதிப்பாளர் ஸ்வெட்லருக்குப் பிடித்தால் அது அச்சேறும். இல்லையென்றால் ஊரில் அப்பாவின் சோப்புக் கடைதான்.

முதல் மெட்டு மூன்று முறை திரும்பி வந்தாலே ரொண்டோ முடிந்துவிடும். இவனுடையது ஐந்தாவது முறையாக வந்தது.

"இன்னுமா?" என்றாள் ஸ்வெட்லரின் மனைவி.

"சும்மா இரு, ரெசி. ஒவ்வொரு தடவையும் புதுசா அழுவுது பாரு."

"ஏன் அந்த மூலைக் கதவையே பார்க்கிறான்?"

"உனக்குத்தான் அது கதவு. அவனுக்கு மோட்ச வாசல்!"

ஏழாவது முறை மெட்டு வந்தபோது அந்தக் கதவு திறந்தது. ஃப்ளோரியன் முடித்தான்.

ஸ்வெட்லர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தம்பி, ஏழு தடவையும் அப்படியே அச்சுல போடுறேன். ஒண்ணைக் குறைச்சாலும் பாவம்!"

ஃப்ளோரியன் தலைகுனிந்து வணங்கினான். திருமதி லைட்கெப் அவன் காதருகே குனிந்தாள்.

"மானத்தைக் காப்பாத்திட்டேப்பா. வாத்து வெந்து சமையல்காரி கதவைத் திறக்கிற வரைக்கும் நிறுத்தாதேன்னு சொன்னதை மறக்கல பாரு."

வாத்து கொஞ்சம் முற்றல்.