கேமராவுக்கு வெளியே

"அன்னைக்கு ஏன் மக்ளே ஒண்ணும் பேசல?"

"தெரியலக்கா."

"பயமா இருந்தா?"

"இல்லக்கா."

நேற்று மாலை நாகர்கோவில் கோர்ட்டு வாசற்படியில் உட்கார்ந்து பேசியது. ஆளுக்கொரு பொட்டலம் கடலை. அதற்குமேல் ஷைனி பிடிகொடுக்கவில்லை. துணைக்கு வந்த அக்காவும் தோண்டவில்லை. தோண்டினால் குழந்தைகள் இன்னும் உள்ளே போய்விடுவார்கள்.

இப்போது ஷைனி திரைக்கு முன்னால் இருக்கிறாள். ஒன்பது வயது. கால்கள் தரையைத் தொடவில்லை.

பக்கத்து நாற்காலியில் அந்த அக்கா.

வெளியூர் வழக்குகளுக்கு இந்த அறையிலிருந்து வீடியோவில் பேசும் குழந்தைகளுக்குத் துணையாக உட்காருவது அவள் வேலை. துணை என்றால் துணை மட்டும்தான். வாய் திறக்கக்கூடாது. தலையசைக்கக்கூடாது. இரண்டு கைகளும் மேஜைமேல், எதிர்ப்பக்கம் பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும்.

ஒரு சொல் எடுத்துக்கொடுத்தாலும் போதும். சொல்லிக்கொடுத்த பிள்ளை என்று அப்பாவின் வக்கீல் பிடித்துக்கொள்வார்.

அம்மா வராந்தாவில் நிற்கிறாள். உள்ளே அனுப்பும்போது மகளின் தலையைக் கோதிவிட்டு, வீட்டில் வாய் மூடாதவளுக்கு இங்கே வந்தால் மட்டும் வாயில் கொழுக்கட்டையா என்று கேலி செய்யப் பார்த்தாள். பாதியிலேயே நிறுத்திவிட்டு மகளின் காலரைச் சரிசெய்தாள்.

அப்பா சென்னையில். நீதிபதியும் சென்னையில்.

திரையில் நீதிபதியம்மாவின் முகம். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, எல்லாரையும் வெளியே அனுப்பியாயிற்று, இந்த அறையில் நான் மட்டும்தான் இருக்கிறேன் என்றார். பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டார். புது ஊரில் சிநேகிதிகள் உண்டா என்று கேட்டார்.

ஷைனி ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தாள்.

பிறகு அந்தக் கேள்வி. அம்மாவோடு இருக்க விருப்பமா, அப்பாவோடா?

தலை அசையவில்லை.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

போன தடவையும் இப்படித்தான். இன்றும் பேசாவிட்டால், பிள்ளையைத் தன்னிடம் அனுப்பச் சொல்லி அப்பா போட்ட மனுவைத் தடுப்பது கஷ்டம் என்று அம்மாவின் வக்கீல் சொல்லியிருந்தார். இந்த விடுமுறையோடு பெட்டி கட்ட வேண்டியிருக்கும்.

நீதிபதி மறுபடி கேட்டார். இன்னும் மெதுவாக.

அப்போதுதான் துணைக்கு இருந்தவள் கவனித்தாள். ஷைனி நீதிபதியைப் பார்க்கவே இல்லை.

திரையின் வலது ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். படம் முடிகிற இடத்தை.

அவளும் அங்கே பார்த்தாள்.

ஒரு இரும்பு அலமாரி. பாதி ஜன்னல். அதோடு அறை முடிந்துவிட்டது.

அதற்கப்புறம் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. எத்தனை பிள்ளைகளோடு இங்கே உட்கார்ந்திருக்கிறாள். ஒரு நாளும் அந்த ஓரத்தை அவள் யோசித்ததில்லை.

ஷைனியின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. என்ன மக்ளே, அங்கே யார் என்று கேட்டுவிட வேண்டும்போல் இருந்தது.

மேஜைமேல் கைகளை அழுத்தி வைத்துக்கொண்டாள்.

பரவாயில்லை கண்ணு என்றார் நீதிபதி. சலிப்பில்லாமல்தான் சொன்னார். கண்ணாடியை எடுத்து மாட்டினார். பேனாவைத் திறந்தார்.

எழுதினால் முடிந்தது.

நாற்காலி கிறீச்சிட்டது. ஷைனி நுனிக்கு நகர்ந்திருந்தாள். மைக்கின் பக்கம் குனிந்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

பேனா நின்றது.

போன தடவையிலிருந்தே தொண்டையில் அடக்கி வைத்திருந்தது என்பது, அது வெளியே வந்த வேகத்திலேயே தெரிந்தது.

"ஆன்ட்டி, உங்க கேமராவ ஒருவாட்டி அந்தப் பக்கம் திருப்பிக் காட்டுங்களேன். எங்கப்பா சத்தமே இல்லாம நிப்பாங்க."