மாப்பிள்ளையின் விளையாட்டுப் பதிவு

இப்போதெல்லாம் வரன் வந்தால் யாரும் ஜாதகம் கேட்பதில்லை. சிறு வயது முதல் ஆடிய வீடியோ கேம்களின் பதிவைத்தான் கேட்கிறார்கள். என் பதிவில் பாதியில் விட்டவை முப்பத்தொன்று. அலுத்துப்போனதை முடித்தே தீருவேன் என்று எனக்கு எந்த வேண்டுதலும் இல்லை. கார்ப் பந்தயம் வெறும் இரைச்சல். டிராகன் வேட்டை மூன்றாம் கட்டத்துக்கு மேல் ஒரே வளவள. நான் விடாமல் ஆடுவது தோட்ட விளையாட்டு மட்டும்தான். அதிலும் நாலு வருடமாக என் தர்பூசணி காய்க்கவில்லை.

பெண் பார்க்க வந்த நிரஞ்சனின் பதிவில் ஒரு குறையும் இல்லை. அதே தோட்ட விளையாட்டில் இரண்டு வருடம், ஒரு நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றியிருந்தார். தர்பூசணிகூடக் காய்த்திருந்தது. "எவ்வளவு பொறுமை பாருடி" என்று அம்மா என் காதில் சொன்னாள்.

நான் பதிவில் தண்ணீர் ஊற்றிய நேரத்தைப் பார்த்தேன். தினமும் காலை பதினொரு மணி. அவர் ஆபீசில் இருக்கும் நேரம்.

"தர்பூசணியை எப்படிக் காய்க்க வச்சீங்க?" என்று கேட்டேன்.

நிரஞ்சன் திருதிருவென்று விழித்தார். அவருடைய அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "மலைக்குப் பின்னாடி ஒரு கிணறு இருக்கும்மா. அந்தத் தண்ணியத்தான் ஊத்தணும்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அப்ப உங்க சொந்தப் பதிவு எங்கே?" என்றேன் நிரஞ்சனிடம்.

"அதுல பாதியில விட்டதே நாற்பது இருக்குங்க. நீங்க என்ன நினைப்பீங்களோன்னு அம்மாதான்..."

"டிராகன் வேட்டையை எங்க விட்டீங்க?"

"மூணாவது கட்டத்துல. அதுக்கு மேல தாங்கல."

நான் அவருடைய அம்மாவின் பக்கம் திரும்பினேன்.

"அத்தை, அந்தக் கிணத்துக்கு எப்படிப் போகணும்?"