ஐந்து ஐம்பத்தொன்பது

மாநகர மக்களுக்கு மகத்தான அறிவிப்பு: நம் இணைய வலையைக் கணினிக்குள் ஒத்திகை பார்க்கும் மூன்று சிமுலேட்டர்களும் இன்றுமுதல் ஒரே கடிகாரத்தில் ஓடும், அலுவலகமும் அதன்படியே நடக்கும்.

மாலை ஐந்து ஐம்பத்தொன்பதுக்கு அந்தக் கடிகாரம் நின்றது. கல்யாணப் பந்தியில் சம்பந்திகள் மாதிரி மூன்று சிமுலேட்டர்களும் "நீங்க முதல்ல" என்று ஒன்றுக்கொன்று காத்திருந்தன.

ஆபரேட்டர் மரகதவல்லிக்கு இருப்புக்கொள்ளவில்லை. குழந்தைகள் காப்பகம் ஆறு மணிக்கு மூடிவிடும். அங்கே அவளுடைய மூன்று வயது மகள்.

"அவசரப்படாதீங்கம்மா, இன்னும் ஒரு நிமிஷம் இருக்கே," என்றார் இயக்குநர் தணிகைவேலன்.

"அந்த ஒரு நிமிஷம் ஒன்றரை மணி நேரமா நின்னுக்கிட்டிருக்கு சார்!"

பையை எடுத்துக்கொண்டு ஓடினாள். பூட்டிய காப்பகத்தின் வாசலில், ஆயாவின் மடியில் பிள்ளை அழுது களைத்துத் தூங்கியிருந்தாள்.

ஒரு நிமிடம் முன்னதாகக் கிளம்பியதற்காக மரகதவல்லிக்கு அரைநாள் விடுப்பு போடப்பட்டது.