டீலக்ஸ் பெட்டியில் ஒரு குரல்

இசைக்குழுவை விட்டுத் தனியாகப் போய்ச் செத்தும்போன அந்த வெள்ளைக்கார கித்தார்காரனின் ஆல்பத்தை அமிர்தலிங்கம் நான்காவது தடவையாக வாங்கினான். ரெக்கார்டு, கேசட், சிடி, இப்போது தடித்த டீலக்ஸ் பெட்டி. மாதக்கணக்கில் காத்திருந்ததற்குப் புதிதாகக் கிடைத்தது ஒரே ஒரு பாட்டு. பிணத்தின் சட்டைப்பையிலும் கை விடுகிறார்கள் இந்த ரெக்கார்டு கம்பெனிக்காரர்கள்.

வீட்டில் அதைத்தான் முதலில் போட்டான். கித்தார் ஓய்ந்ததும் யாரோ காறித் துப்பினார்கள். பிறகு தமிழில் ஒரு குரல்: "சீ, மறுபடியும் அதே குப்பைதான்லா!"

அது அவனுடைய குரல். 1971இல் லண்டனில் பதிவானது என்றது அட்டை. அந்த வருஷம் அவன் மலேசியாவில், கிள்ளானில், நான்கு வயதுப் பிள்ளை.

சட்டென்று நிறுத்தினான். மறுநாள், அதை வாங்கிய கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் கடையில், கடைக்காரர் கண்ணப்பனிடம் பெட்டியை நீட்டினான். "திருப்பி எடுத்துக்குங்க அண்ணே. குமட்டுது."

கண்ணப்பன் கடை ஸ்பீக்கரில் போட்டார். துப்பல், ஏச்சு. வீட்டில் அவன் கேட்காத மிச்சமும் வந்தது. அதே குரல் குழைந்தது: "அடுத்த பெட்டி எப்பண்ணே வரும்?"

கண்ணப்பன் ஸ்பீக்கரைப் பார்த்தே பதில் சொன்னார். "தீபாவளிக்குள்ள வந்துரும் தம்பி. ஒண்ணு எடுத்து வைக்கவா?"

துப்புவதற்காக வாயில் திரண்ட எச்சிலை விழுங்கிவிட்டு, அமிர்தலிங்கம் சரியென்று தலையாட்டினான்.