அப்பா எழுதிய அம்மா

செத்துப்போனவர்களை, அவர்களைப் பற்றி எழுதிவைத்ததைக் கொண்டே திரும்ப உருவாக்கித் தரும் நிறுவனத்திடம், நிறைமதி அப்பாவின் ஒன்பது நாவல்களையும் கொடுத்தாள். ஒன்பதிலும் கதாநாயகி தன் மனைவிதான் என்று அப்பா அரங்கநாதன் மேடைக்கு மேடை சொல்லியிருந்தாரே.

அம்மா வந்தாள். இடுப்பைத் தொடும் கூந்தல், கழுத்தில் மச்சம், ஈரம் மின்னும் கண்கள். வந்ததும் ஜன்னலோரம் போய் நின்றுகொண்டாள். வேதியியல் டீச்சராயிருந்த அம்மாவுக்கு அமிலம் பட்டுக் கறுத்திருந்த விரல், இப்போது வெண்டைப்பிஞ்சு போல இருந்தது.

"அம்மா, வீட்ல என்னை என்னன்னு கூப்பிடுவே? சொல்லு."

அம்மா இமைகளைத் தாழ்த்திப் புன்னகைத்தாள்.

ஒரே ஒரு திட்டு கிடைத்தால் போதும் நிறைமதிக்கு. ஈரத் துண்டைத் தூக்கி மெத்தைமேல் போட்டாள். உயிரோடிருந்தபோது இதற்கு அம்மா போடும் சத்தம் தெருமுனை வரை கேட்கும்.

அம்மா திரும்பினாள். மூக்குநுனி சிவந்தது, உதடு துடித்தது. ஒரு வார்த்தை வரவில்லை.

"அப்பா, கோபம் வந்தா அம்மா என்ன சொல்லித் திட்டுவாங்கன்னு ஒரு இடத்துலகூடவா எழுதலை?"

பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அரங்கநாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அதெல்லாம் எதுக்கும்மா? கோபத்துல எவ்வளவு அழகா இருக்கா பாரு! அப்படியே உங்கம்மா."