சிபி இணைத்த அடுப்பு

திரையிலுள்ள பட்டன்களை ஜாவா நிரலோடு இணைக்கும் சிபி, கம்பெனி குடியிருப்பின் அடுப்புகளையும் ஊழியர்களின் வேலையோடு இணைத்துக் கொடுத்திருந்தான். ஒருவர் எழுதிய நிரலில் பிழை இருந்தால் அவர் வீட்டு அடுப்பு எரியாது. இப்படி இணைத்ததற்காகக் கம்பெனியிடம் மரக்கேடயம்கூடப் பரிசாக வாங்கினான்.

இன்று அவன் வீட்டு அடுப்பே எரியவில்லை. மனைவி பூங்கோதை அதை ஓங்கி அறைந்தாள்.

"புள்ளை பாலுக்குக் கத்துது! உன் வேலைக்கும் என் அடுப்புக்கும் என்ன சம்பந்தம்?"

"கொஞ்சம் இரும்மா. பிழையைக் கண்டுபிடிச்சிட்டா தானா எரியும்." அவன் திரையை விட்டுத் தலையைத் தூக்கவேயில்லை.

"காலையிலேருந்து இதையேதான் சொல்ற!"

கேடயத்தை எடுத்துப்போய் பால்கனியில் அடித்து உடைத்தாள். பூந்தொட்டிகளுக்கு நடுவே போட்டுப் பற்றவைத்துப் பாலை ஏற்றினாள்.

சிபி பதறி ஓடிவந்தான். "ஐயோ, அது என் அவார்டு!"

"எப்படி எரியுது பாரு. உன்னைக் கேட்டுக்கிட்டா எரியுது?"