ஆர்வோ சேர்த்த ஒரு வரி

அக்கரையிலிருந்து உர்ஹோ படகு வலித்து வருவதைப் பார்த்ததும் ஆர்வோ தூண்டிலைச் சுருட்டிவிட்டு எழுந்தான்.

எட்டு வருடமாக ஏரியின் அந்தப் பக்கம் இருக்கிற மனிதர். கடையில் எதிர்ப்பட்டால் தலையை ஆட்டுவார். இந்த ஊர்ப் பக்கத்தில் அதுவே நெருங்கிய பழக்கம்தான்.

அவர் படகெடுத்து வருகிறார் என்றால் வெப்சைட்டைப் பார்த்துவிட்டார் என்று அர்த்தம்.

எல்லாம் அக்கா சைமி இழுத்துவிட்ட வினை. இருவருக்கும் சேர்த்து இந்தக் கரையில் மூன்று மரக்குடில்கள், ஆவிக்குளியலுக்கு ஒரு சௌனா. இரண்டு கோடையாக வாடகைக்கு ஒரு ஈ காக்கை வரவில்லை. நடுக்கோடைத் திருநாளுக்குள் நாலு குடும்பமாவது பதிவு செய்யாவிட்டால் எல்லாவற்றையும் பூட்டிவிட்டு ஹெல்சின்கிக்கு மகளிடம் போய்விடுவேன் என்று அவள் முடிவாகச் சொல்லிவிட்டாள்.

போனால் ஆர்வோ இங்கே ஒண்டிக்கட்டை.

போன மாதம் அவளே ராப்பகலாக உட்கார்ந்து வெப்சைட்டைப் புதிதாகச் செய்தாள். காலை வெயிலில் ஏரி, சிவப்புக் குடில்கள், பதிவு செய்யப் பெரிய பச்சைப் பொத்தான். எல்லாம் கண்ணுக்கு அழகாகத்தான் இருந்தது. ஆனால் உச்சியில் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டாள்:

"பின்லாந்திலேயே தலைசிறந்த சௌனா!"

ஐயோ, ஊரே படிக்குமே! தன் சௌனாவைத் தானே புகழ்வதா? அதற்குப் பதில் சட்டையில்லாமல் தேவாலயத்துக்குப் போய்வந்துவிடலாம். ஆர்வோ ஒரு வாரம் கடைப்பக்கமே தலைகாட்டவில்லை.

வெப்சைட்டை வந்து பார்த்தவர்கள் நானூறு பேர். பதிவு செய்தவர் ஒருவர்கூட இல்லை.

புதன்கிழமை சைமி வெளியே போயிருந்த நேரம் பார்த்து அவன் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தான். 'தலைசிறந்த' என்பதை அழித்தான். 'சுமாரான' என்று போட்டான். அப்போதும் மனசு ஆறவில்லை. கீழே ஒரு வரி சேர்த்தான், போன் நம்பரோடு:

"அக்கரையில் உர்ஹோவின் சௌனா இதைவிட நல்லது."

இன்று வெள்ளி.

உர்ஹோ படகைக் கட்டுவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார்.

"ஏம்ப்பா ஆர்வோ, என்னத்தை எழுதி வெச்சிருக்கே? ரெண்டு நாளா போன் ஓயலை! என்னோடது நல்ல சௌனாவாம்! இனி நான் ஊருக்குள்ள எந்த மூஞ்சியோட நடமாடுறது?"

சத்தம் கேட்டு சைமி வெளியே ஓடி வந்தாள். அவள் முகத்தில் பேயறைந்த களை.

"டேய், ஏழு பேர் பதிவு பண்ணியிருக்காங்கடா. ஒரே காலையில! ஆகஸ்ட் வரைக்கும் குடில் நிறைஞ்சு போச்சு!" அப்புறம் உர்ஹோவைப் பார்த்தாள். "போன் பண்ணவங்ககிட்ட என்ன சொன்னீங்க?"

"வேறென்ன சொல்லுவேன்? அந்தாளு அடக்கத்துக்குச் சொல்றாரு, என்னோடது ஓட்டைக் கொட்டகை, ஆர்வோ சௌனாதான் அருமை, பேசாம அங்கேயே போங்கன்னேன். ஒருத்தரை விடலை."

சைமி படித்துறையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். எழுந்து உர்ஹோவின் கன்னத்தில் ஒரு முத்தம் வைத்தாள். மனிதருக்குக் காதுவரை சிவந்துவிட்டது.

"அந்த வரியை எடுத்துடுங்கம்மா."

"தலையே போனாலும் எடுக்க மாட்டேன்!"

மகளுக்குப் போன் போட, வரவில்லை என்று சொல்ல, அவள் உள்ளே ஓடினாள்.

ஆர்வோவுக்கு ஏரியில் குதித்துவிடலாம் போல அப்படி ஒரு சந்தோஷம். ஆனால் பக்கத்தில் ஆள் நின்றதால் வெறுமனே தொண்டையைச் செருமினான்.

இரண்டு பேரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஒண்ணு கேக்கணும்," என்றார் உர்ஹோ. "என் சௌனா நல்லதுன்னு உனக்கு எப்படித் தெரியும்? ஒரு நாளும் நீ வந்ததில்லையே."

ஆர்வோ காதைச் சொறிந்தான்.

"சனிக்கிழமை ஆனா அங்கேருந்து சிரிப்புச் சத்தம் கேக்கும். அத்தனை பேர் கூடி உக்கார்ற இடம், நல்லாத்தானே இருக்கும்னு..."

உர்ஹோ கயிற்றை அவிழ்த்தார். படகில் ஏறி உட்கார்ந்தார். துடுப்பைக் கையில் எடுத்தார்.

"அது ரேடியோப்பா," என்றார். "நாளைக்கு நீங்க ரெண்டு பேரும் வந்துடுங்க. ரேடியோவை அணைச்சு வைக்கிறேன்."